விட்டுப்போன பாயிண்ட் நாலு

ஒரு அங்குலத்தை ஆயிரம் துண்டாக நறுக்கினால், ஒரு துண்டுக்குப் பெயர் தவ். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் வேலை பார்த்த எவனை வேண்டுமானாலும் தூக்கத்தில் தட்டி எழுப்பி, "ஒரு தவ் எத்தனை மைக்ரான்?" என்று கேளுங்கள். "இருபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். இருபத்தைந்து பாயிண்ட் நாலு என்பதுதான் சரியான விடை. ஆனால் அந்தப் பாயிண்ட் நாலை யாரும் வாயில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியே எழுபது மைக்ரான் தடிமன் இருக்கும். இதில் பாயிண்ட் நாலைக் கட்டிக்கொண்டு யார் அழுவது? "டூலு தேயறதுலயே அது போயிரும், விடப்பா" என்பது பட்டறை வேதம்.

திருமூர்த்தியும் அந்த வேதம் படித்தவர்தான். பதினெட்டு வயதில் கணபதியில் ஒரு பட்டறையில் எண்ணெய்க் கையோடு ஆரம்பித்தவர், ஐம்பத்தேழு வயதில் சரவணம்பட்டியில் தூசி புகாத ஏசி அறையில், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, அளவு சரிபார்க்கும் பிரிவுக்குத் தலைவராக உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. முழங்கால் வலி, கண் எரிச்சல், எதைப் பார்த்தாலும் ஒரு அலுப்பு. இந்த எட்டு மாதத்தை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கே தயாரானது ஒரு புழு. கம்பெனி அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. தயாரிக்கிறவர்களும் போட்டுக்கொண்டவர்களும் புழு என்றே சொன்னார்கள். தலைமுடியில் பாதி தடிமன். கை நடுக்க வியாதிக்காரர்களின் மண்டையில் ஊசிமுனை அளவு துளை போட்டு உள்ளே விட்டால், நொடிக்கு ஒரு மைக்ரானாக ஊர்ந்து போகும். மூளைக்குள் குறித்த இடத்தை அடைந்ததும் நின்றுகொண்டு, மெல்லிசாக மின்சாரம் விடும். நடுக்கம் நின்றுவிடும். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் தவித்த நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதனால் தாங்களே பிசைந்து சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை புதுச் சோதனை நிரலை ஓடவிட்டார்கள். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் என்பதால் பிரிவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்தரை மணிக்கு மாமியார் திருமூர்த்தியின் திரையில் ஒரு கேள்வி கேட்டாள்.

"வரி 17. தவ் கணக்கிலிருந்து மைக்ரானுக்கு. பெருக்கிய எண் 25. பெருக்க வேண்டிய எண் 25.4. பதிந்தவர்: தி.மூ. சுருக்கியதற்குக் காரணம்?"

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அந்த வரிக்கு நேரே இருந்த தேதியைப் பார்த்தார். ஆறு வருடம் முந்தைய தேதி. சிரிப்பு நின்றுவிட்டது.

புழு உள்ளூர்ச் சரக்கு, மைக்ரான் கணக்கில் ஊரும். அதற்கு வழிகாட்டும் மூளை வரைபடம் அமெரிக்காவில் போட்டது, எல்லாம் தவ் கணக்கு. முதல் சோதனையன்று இரண்டையும் இணைக்க ஒரு அட்டவணை தேவைப்பட்டது. வாயிலேயே பெருக்க வசதியாக, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று, அவர்தான் இருபத்தைந்து போட்டார். சோதனை நன்றாகப் போயிற்று. நன்றாகப் போகிறதை யார் நோண்டுவார்கள்? அந்த அட்டவணை அப்படியே நாலாயிரம் மண்டைக்குள் இறங்கிவிட்டது.

தாளை எடுத்துப் பேனாவால் போட்டுப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு தவ் ஆழம். இருபத்தைந்தால் பெருக்கினால் முப்பதாயிரம் மைக்ரான். பாயிண்ட் நாலையும் சேர்த்தால் முப்பதாயிரத்து நானூற்று எண்பது. புழு போக வேண்டிய இடத்துக்கு நானூற்று எண்பது மைக்ரான் முன்னாலேயே நின்றுவிட்டது. கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். ஒரு தவ்வில் தூசியாக இருந்தது ஆயிரத்து இருநூறு தவ்வில் அரை மில்லியாக வளர்ந்து நின்றது.

உதாரணத்துக்கு அவர் போட்ட ஆயிரத்து இருநூறு எங்கிருந்தோ எடுத்த எண் அல்ல. அது அவர் மனைவி கோகிலவாணியின் ஆழம்.

தாளை மடித்துக்கொண்டு மேலாளர் தேவராஜின் அறைக்குப் போனார். தேவராஜுக்கு நாற்பது வயதுதான். திருமூர்த்தியிடம் தொழில் கற்றவர், இன்றைக்கும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். தாளைப் பார்த்தார், திரும்ப மடித்தார்.

"நாலாயிரத்து இருநூத்துப் பன்னெண்டு புழு. நடுக்கம் நிக்காதது ஒண்ணு சொல்லுங்கண்ணா பாப்போம்."

"எல்லாத்துக்கும் நின்னுருச்சு."

"ஒரு புகார்? ஆறு வருசத்துல ஒரே ஒரு புகார்?"

"இல்ல."

"பொறவென்னுங்கண்ணா? மின்சாரம் சுத்தியும் பரவுது, அரை மில்லி அங்கிட்டு இங்கிட்டு இருந்தாலும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். புதுச் சரக்குக்குப் பாயிண்ட் நாலப் போட்டுருங்க. பழசுல கை வெக்காதீங்க. செருப்புக்கே கடிக்குதுன்னு புகார் வர்ற ஊரு இது. நம்ம புழுவுக்கு ஒண்ணுகூட வரல. பெருமைப்படுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். அவருக்கும் அதுதானே வேண்டும். எட்டு மாதம். ஆனால் செருப்புக் கதை விடவில்லை, பல்லிடுக்கில் சிக்கிய கறிவேப்பிலை மாதிரி கிடந்து உறுத்திற்று. நாலாயிரம் பேர் செருப்பு வாங்கினாலே நாற்பது பேர் சண்டைக்கு வருவார்கள். மண்டையில் துளை போட்டுக்கொண்டவன் ஒருவன்கூடவா தலைவலி என்று போன் பண்ணவில்லை?

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சோமனூர் போனார். பட்டியலில் நாச்சிமுத்து என்றொரு பெயர் இருந்தது. விசைத்தறி வைத்திருந்தவர். ஆறு வருடம் முன்னால் புழு போட வந்தபோது வண்டி நிறுத்துகிற இடத்துக்காக வாட்ச்மேனோடு சண்டை, படிவத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று டாக்டரோடு சண்டை, காபியில் ஈ விழுந்ததற்காக ஊரையே கூட்டியவர். புகார் சொல்வதற்கென்றே பிறந்த மனுசர். அவரிடமிருந்துகூட வரவில்லையே!

நாச்சிமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இட்லி. மருமகள் அருகில் நின்று பரிமாறினாள். மகன் திருமூர்த்திக்கு நாற்காலி போட்டான்.

"அப்பா முன்னெல்லாம் புலிங்க. வீட்ல ஒரு ஆளு நிம்மதியா உக்காந்து சாப்பிட முடியாது. இப்ப பசுமாடுங்க. புழு போட்ட அன்னையிலருந்து மறுபேச்சே கெடையாது. உங்க கம்பெனிக்குக் கோயில் கட்டலாமுங்க."

"மாமா, இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்றாள் மருமகள்.

"சரி கண்ணு."

அவள் சிரித்துக்கொண்டு திருமூர்த்தியைப் பார்த்தாள். "எத்தன வெச்சாலும் சாப்பிடுவாருங்க. ஒருக்கா நான் போன் பேசீட்டே வெச்சுட்டு இருந்துட்டேன், பதினோரு இட்லி! சாப்பிட்டுட்டுக் கொல்லைல போயி வாந்தி எடுத்துட்டாருங்க, பாவம். அதுக்கப்பறம் நானே எண்ணி அஞ்சோட நிறுத்திக்கறனுங்க."

ஐந்தாவது இட்லி தட்டில் விழுந்தது. கிழவரின் இடது கை மெல்லத் தட்டை ஒரு விரற்கடை தள்ளி நகர்த்தியது. வலது கை இட்லியைப் பிய்த்து வாயில் வைத்தது. அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் திருமூர்த்தி சுவர் காலண்டரைப் பார்த்தார்.

"புழுவ ஒரு அரை மில்லி உள்ள தள்ளலாம்னு ஒரு யோசனை" என்று இழுத்தார்.

"தள்ளுனா?" என்றான் மகன்.

"பழைய கொணம் திரும்பி வந்தாலும் வரும்."

அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "அய்யோ சாமி! வேண்டாங்க. இப்படியே இருக்கட்டும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றோம். ஏனுங்கப்பா, இப்படியே இருக்கலாமல்ல?"

"சரி" என்றார் நாச்சிமுத்து, வாயில் இட்லியோடு.

ஸ்கூட்டர் கருமத்தம்பட்டி தாண்டும்போது திருமூர்த்தி வண்டியை ஓரமாக நிறுத்தினார். புகார் வராததற்குக் காரணம் புரிந்துவிட்டது. கடிக்கிறது என்று சொல்ல முதலில் வாய் வேண்டும். இவர்களுக்கு அது இல்லை. அவர் வீட்டிலும் ஒருத்திக்கு இல்லை.

வாணி அந்தக் கருமத்தம்பட்டியிலேதான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குத் தலைவியாக இருந்தாள். தைத்து வருகிற துணியில் பிசகு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, தையல் மேசைக்குத் திருப்பி அனுப்புவது வேலை. ஸ்டிக்கர் ஒட்டிய துணி பிழைத்துக்கொள்ளும். தேறாததை ஸ்டிக்கரும் ஒட்டாமல் மூலையில் எறிந்துவிடுவார்கள், அதோடு அதன் கதை முடிந்தது. தைத்தவர்கள் பிசகைச் சரிசெய்து கொண்டுவந்தாலும் தாங்களே ஸ்டிக்கரை எடுக்கக் கூடாது. ஒட்டினவள்தான் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். வாணி ஒருமுறை மூவாயிரம் உருப்படியையும் மொத்தமாகத் திருப்பிவிட்டாள். முதலாளியே வந்து கெஞ்சினார். வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். அவர் ஆசையாக வாங்கிவந்த சேலையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். மகளுக்கு வந்த வரன்களில் ஏழு பேரைத் தட்டிவிட்டாள். காபியில் சர்க்கரை போட்டால் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றுவாள். வாரம் மூன்று சண்டை கட்டாயம். அப்போதெல்லாம் திருமூர்த்தி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் கை நடுங்க ஆரம்பித்து, ஸ்டிக்கர் பிசகின் மேல் விழாமல் நல்ல துணி மேல் விழுந்த அன்றைக்கு, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதைக் கேட்டுத்தான் அவர் அந்தச் சோதனையை அவ்வளவு அவசரப்படுத்தினார். முதல் பத்துப் பேரில் அவளையும் சேர்த்துவிட வேண்டுமென்று, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாமென்று, இருபத்தைந்து.

நடுக்கம் நின்றது. வேலைக்குத் திரும்பப் போனாள். மூன்று மாதத்தில், வருகிற துணியெல்லாம் பாஸ் பண்ணுகிறாள் என்று அவர்களே போதுமென்று அனுப்பிவிட்டார்கள். வயசாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். மருதமலைப் படியில்கூடக் கீழே பார்க்காமல் ஏறுகிற பயந்தாங்கொள்ளி அவள். பதினாலாவது மாடியில் வீடு பார்த்திருக்கிறேன் என்று இவர் சொன்னபோது சரிங்க என்றாள். குடிவந்த நாளிலிருந்து பால்கனித் திரையை அவள் விலக்கியதில்லை. வெயிலுக்காக என்று இவர் நினைத்துக்கொண்டார். இவருடைய அக்கா வந்து, "இப்பத்தான் குடும்பப் பொம்பள மாதிரி இருக்கறா" என்று மெச்சினாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததோடு மட்டுமா? கூட்டாளிகளிடம் "நான் குடுத்து வெச்சவன்" என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆறு வருடம் சண்டையில்லாத வீடு. வேலையில் களைத்து வருகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்பது சண்டையுள்ள வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாணி காபி கொண்டுவந்தாள், தனக்கும் ஒரு டம்ளர். இரண்டிலும் சர்க்கரை. அவருக்குப் பிடித்த மாதிரி.

"வாணி, உக்காரு. டாக்டர்கிட்டப் போயி உன் புழுவ இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளோணும். போலாமா?"

"சரிங்க."

"இல்ல, வேண்டாம். இப்படியே விட்டர்லாமா?"

"சரிங்க."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டார்.

"பால்கனியில போயி கம்பியப் புடிச்சுட்டுக் கீழ எட்டிப் பாக்கச் சொன்னா?"

"சரிங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். திரையை விலக்கினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி, ஒரு கால் வெளியே வைத்தாள். கை நடுங்கவேயில்லை. முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கிற்று.

திருமூர்த்தி பாய்ந்து போய் அவளைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாவி, பாவி" என்று யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வாணி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டர் ஷபானா சாய்பாபா காலனியில் கிளினிக் வைத்திருந்தார். வாணியையும் சேர்த்து அறுநூறு பேருக்குப் புழு விட்ட கை. மத்தியானம் போய் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் திருமூர்த்தி ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் வாணியின் பழைய ஸ்கேனைத் திரையில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நடுக்கம் நின்னுட்டா அதுக்கு மேல நாங்க பாக்கறதில்லைங்க. அதுதான் எங்க தப்பு" என்றார் கடைசியில். "யாராச்சும் ஒண்ணு சொன்னா, நமக்குள்ள டக்குனு ஒண்ணு எந்திரிச்சு நிக்கும் பாருங்க, இல்ல, முடியாது, போடான்னு. அது எந்திரிக்கற எடம் இந்த வழியில, நடுக்கத்துப் புள்ளிக்கு ஒரு அரை மில்லி முன்னால இருக்குது. உங்க புழு அது மேலயே உக்காந்துட்டு இருக்குது. மின்சாரம் பரவி நடுக்கத்த நிறுத்துது. கூடவே இதையும்."

"தள்ளீட்டா சரியாயிருமுங்களா?"

"ஆகும். நொடிக்கு ஒரு மைக்ரான், நானூத்தி எண்பது மைக்ரான், எட்டு நிமிசம். வேண்டாம்னா திரும்பப் பின்னால இழுத்துக்கவும் முடியும்." டாக்டர் படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். வாணி கையை நீட்டினாள். டாக்டர் கொடுக்கவில்லை.

"எங்க வேணும்னாலும் போடுவாங்க, இல்லீங்களா?"

"போடுவாளுங்க."

"அப்ப இது என்ன கையெழுத்து?" பேனாவை மூடி மேசையில் வைத்தார். "கேக்காம தள்ளுனா தப்பு. கேட்டுட்டுத் தள்ளுனாலும் கேட்டதா ஆகாது. அப்படியே விட்டாலும் தப்பு. ஒண்ணு பண்ணலாம். மொதல்ல தள்ளுவோம், அப்பறம் கேப்போம். நம்மளத் திட்டோணும்னா அவங்களுக்கு அந்த வாய் வேணுமல்லங்க? அதக் குடுத்துட்டு, திட்டு வாங்கிக்கலாம்."

வாணியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றிப் பக்கம், வெளியிலிருந்தே புழுவை நகர்த்துகிற ஒரு பட்டையைக் கட்டினார்கள். திரையில் எண் ஓட ஆரம்பித்தது. நானூற்று எண்பது, நானூற்று எழுபத்தொன்பது. திருமூர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், இருநூறு தாண்டும்போது அவருக்கு ஒரு ஆசை வந்தது. எழுந்து, போதும் நிறுத்துங்க என்று சொல்லிவிடலாமா? வீட்டுக்குப் போனால் காபி வரும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்கு வயதாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, ஒரு மனிதன் ஓய்வாக இருக்க ஆசைப்பட்டால் குற்றமா? அந்த ஆசையை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. எண் பூஜ்யத்துக்கு வந்தபோது, பிடித்திருந்த கையை வாணிதான் உருவிக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு நேரே உட்கார்ந்தார். "வாணிம்மா, இப்பக் கேக்கறேன். இப்படியே இருக்கட்டுமா, பழையபடி பின்னால இழுத்துரட்டுமா?"

வாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இழுத்தீங்கன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்."

டாக்டர் அழுதுவிட்டார். வாணி அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். திருமூர்த்தி ஓடிப்போய் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார்.

"ஏறு வாணி."

"வேண்டாம்" என்றாள். "நான் பஸ்ல வந்துக்கறேன்."

ஆறு வருடத்துக்கப்புறம் கேட்ட அந்த வேண்டாம் காதில் விழுந்ததும் அவருக்குச் சந்தோஷம் வந்ததா, பயம் வந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

இவர் வீடு சேர்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். நேரே பரணுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். உள்ளே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள், பாதி தீர்ந்தது. முதல் ஸ்டிக்கர் சர்க்கரை டப்பாவின் மேல் விழுந்தது. அடுத்தது இவர் அக்கா கொடுத்த சுவர்க் கடிகாரம். அடுத்தது பச்சை மெத்தை உறை. ஒன்று பால்கனித் திரை. வீடு முழுக்கச் சுற்றி வந்தாள், அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றும் அன்றன்றைக்கே மனசுக்குள் குறித்துவைத்தவள் மாதிரி நேரே போய் ஒட்டினாள்.

"உனக்கு எல்லாம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரியாம? ஒவ்வொருக்காவும் வேண்டாம்னு ஒண்ணு உள்ள எந்திரிக்குமுங்க. வாய்க்கு வர்றதுக்குள்ள உக்காந்துரும். மறுபடி எந்திரிக்கும். மறுபடி உக்காந்துரும். ஆறு வருசம். அன்னாடம் இந்தத் தெரைக்குப் பின்னால பதினாலு மாடி இருக்குதுன்னு தெரிஞ்சுட்டே தூங்குனனுங்க." சுருளிலிருந்து அடுத்த ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினாள். "எத்தன பேருக்கு இப்படி?"

"நாலாயிரத்து இருநூத்துப் பன்னெண்டு. உன்னய விட்டாப் பதினொண்ணு."

"அவங்க?"

திருமூர்த்தி சோபாவில் சாய்ந்தார். அவ்வளவு களைப்பாக இருந்தது அவருக்கு. "தேவராஜு பழசுல கை வெக்காதீங்கன்னுட்டான். வீட்டுக்காரங்களே வேண்டாங்கறாங்க வாணி, சோமனூர்ல பாத்துட்டுத்தான் வந்தேன். எனக்கு எட்டு மாசந்தான் இருக்குது. உன்னயச் சரிபண்ணியாச்சு. மத்தது நம்மனால ஆகுமா?"

"வீட்டுக்காரங்க வேண்டாங்கறாங்க" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "நீங்களும் வீட்டுக்காரர்தான? ஆறு வருசம் நல்லாத்தான இருந்துது உங்களுக்கு?"

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். வாணி கிட்டே வந்தாள். மூலையில் எறிகிற கை எது, ஒட்டுகிற கை எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. சட்டைப் பைக்கு மேல், இடது பக்கம், ஒரு விரல் அழுத்தியது. நடுங்காத விரல்.

"சாப்பாட்டுக்கு நான் எதும் பண்ணல. வேணும்னா நீங்க பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அதே சட்டையோடு வேலைக்குப் போனார். மாமியார் திரையில் அந்தக் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருந்தது. சுருக்கியதற்குக் காரணம்? "பழக்கம்" என்று தட்டினார். அதற்குக் கீழே நடந்தது முழுவதையும் எழுதினார். புழு விட்ட முப்பத்தொரு டாக்டர்களின் பெயரையும் நாலாயிரத்து இருநூற்றுப் பதினோரு பேரின் ஆழத்தையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மைக்ரான் பாக்கி என்பதையும் சேர்த்தார். முதலில் தள்ளுங்கள், பிறகு அவர்களையே கேளுங்கள், வீட்டுக்காரர்களைக் கேட்காதீர்கள் என்று ஒரு வரி. எல்லோருக்கும், மருத்துவ ஆணையத்துக்கும், அனுப்பினார். ஐந்தாவது நிமிடம் தேவராஜின் பெயர் போனில் ஒளிர்ந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

தூசி புகாத அறைக்குப் போக அங்கியை எடுத்தபோது, வாசலில் நின்ற பெண் அவர் நெஞ்சைக் காட்டி, "சார், சட்டைல என்னமோ ஒட்டியிருக்குது, எடுத்துரட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம்மா" என்றார் திருமூர்த்தி. "ஒட்டுனவதான் எடுக்கோணும்."